பவித்ரா விட்ட பந்து

சனிக்கிழமை.

கால் வீங்கியிருக்கிறது. காலையிலிருந்து மம்பாவ் திடலில் உட்கார்ந்து சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதினேன். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என் மகள் பவித்ரா, மட்டையடிப்பவளுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக ஆடினாலும் நானேதான் எழுத வேண்டியிருக்கிறது.

கடைசி இன்னிங்ஸில் முதல் பேஸில் நின்ற எதிரணிப் பெண் ஒருத்தி, அடுத்த நிலையான இரண்டாவது பேஸுக்கு ஓடினாள். பந்து பவித்ராவின் கிளவ்வில் பட்டு நழுவிய பிறகுதான் கிளம்பினாள். அப்படி ஓடினால் அவளுக்கு ஸ்டீல், அதாவது தன் திறமையால் ஓடிப் பிடித்த பேஸ் என்று, கொடுக்கக் கூடாது. பந்தை விட்டதாகக் கேட்சரின் பெயரில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஸ்டீல் என்றே எழுதினேன். அடுத்த வாரம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்; இந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் மைலோ கலக்கிக் கொடுத்தபோது பவித்ரா கேட்டாள்.

"அந்த பால் நான் விட்டதுதானே மா? ஏன் என் பேர்ல எழுதல?"

"தூரத்துல சரியா தெரியல லா."

"நீங்க என் பின்னாலதான உட்கார்ந்திருந்தீங்க."

மைலோவைத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

தாளைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். பேனாவில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். திருத்தாவிட்டால் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.