லானியின் புது டயர்கள்

வெர்லின்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. சோள ரொட்டியைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். பக்கத்து வீட்டு லானி கொடுத்த டயர்களை மட்டும், நாம் ஏரிக்கு இழுத்துப் போகிற படுக்கை வைத்த டிரெய்லரில் மாட்டிவிடாதே.

“கொட்டகையிலயே கிடந்துச்சு, ஒரு மைல்கூட ஓடல, ரப்பர் முடிகூட உதிரல பாரு” என்றாய். பென்னிக் காசை டயரின் பள்ளத்தில் சொருகி, காசிலுள்ள லிங்கன் தலை முங்கும் அளவுக்குப் பள்ளம் தேயாமல் இருப்பதையும் காட்டினாய்.

நீ போன பிறகு டயரைப் புரட்டிப் பார்த்தேன். தயாரித்த வருஷம் உள்பக்கம்தான் இருக்கிறது. நம் பேத்தி டெலானி பிறந்த வருஷம். அவள் இப்போது ஆறாம் வகுப்பு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. பக்கவாட்டில் அழுத்தினால் வெடிப்புகள் வாய் திறக்கின்றன.

சாயங்காலம் கடைக்குப் போவோம். டிரெய்லருக்கென்றே செய்த டயராக, வருஷத்தைப் பார்த்து வாங்குவோம். “உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்” என்பாய். பயம்தான்.

பிக்கப் வண்டியின் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

டார்லா

பி.கு.: போன கோடையில் டயர் வெடித்துக் கிழிந்த டிரெய்லர் தரைக்கு நீ அடித்த பலகை, டெலானியின் படுக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. ஏரிக்குப் போகும்போது “தாத்தா, நான் பின்னால டிரெய்லர்ல படுத்துட்டே வரேனே” என்று கேட்டால் நீ தலையாட்டிவிடுவாய். காலையில் அந்தப் படுக்கையில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன்.