தேறிவிட்ட காரைத் தேறாதென்று எழுதித் தரக் கோரி

அனுப்புநர்:
ப. கோவிந்தராஜன், வயது 66,
இன்ஜின் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர் (ஓய்வு),
பாணேர், புனே.

பெறுநர்:
துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், புனே.

பொருள்: மோட்டார் வாகனம் – 2011ஆம் ஆண்டு பெட்ரோல் கார் – இன்ஜின் மாற்றியமைக்கப்பட்டது – புகைச் சோதனையில் முறைகேடாகத் தேர்ச்சி பெற்றது – அதனை ரத்து செய்து, 11.05.2025 ஞாயிறு காலைக்குள் வாகனத்தை ஓடாமல் நிறுத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. புகைச் சோதனைச் சான்றிதழ், நாள் 12.02.2025.
2. மறுசோதனைச் சான்றிதழ், நாள் 26.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை வண்டியைத் தேற வைக்கும்படி கேட்பவையாக இருக்கும். என் கார் இரண்டு முறை தேறிவிட்டது. அதைத் தேறாது என்று தாங்கள் எழுதித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வயதான காலத்தில் புத்தி பிசகி எழுதுகிறான் என்று ஒதுக்கிவிடாமல் கடைசி வரி வரை படிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். நாள் குறைவாக இருக்கிறது.

1. தமிழில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். தாங்கள் கும்பகோணம் பக்கத்தவர் என்று எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் திரு. பாலச்சந்திரன் சொன்னார். புனேவுக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மராட்டியில் சண்டையே போடுவேன், எழுத வராது. எழுத வேண்டியதையெல்லாம் என் மகன் கேஷவ்தான் எழுதித் தருவான். இதை அவனிடம் கேட்க முடியாது, ஏனென்றால் இது அவனைப் பற்றியது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து அவன் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறீர்கள் என்று இப்போதுதான் கேட்டான். ஊருக்குக் கடிதம் என்றேன். அவனிடம் நான் சொல்லியிருக்கும் பொய்களில் இது எத்தனையாவது என்பது கீழே தெரியவரும்.

2. கார் என் பெயரில் உள்ளது. போசரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இன்ஜினை மேடையில் பூட்டி, ஓடவிட்டு, அதன் புகையை அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. கோளாறான ஒரு இன்ஜின்கூட என் கையெழுத்தோடு வெளியே போனதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். என் மனைவி விசாலாக்ஷி இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள்.

3. கேஷவ் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். நல்ல பையன்; குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இந்தக் கார்தான் அவனுக்குப் பைத்தியம். சென்ற டிசம்பரில் ஒரு கராஜில் கொடுத்து இன்ஜினின் வேகத்தைக் கூட்டினான். அதன் கம்ப்யூட்டரை மாற்றி எழுதினார்கள். பெட்ரோல் பம்பைப் பெரிதாக்கினார்கள். புகையை வடிகட்டும் டப்பாவைக் கழற்றி எறிந்தார்கள். புதுப் பம்புக்கு ஒயர் இழுக்க, டிக்கியின் அடித்தகட்டில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டுத் துவாரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இதற்கெல்லாம் தங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

4. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் இன்று இந்த மனு இல்லை. அதற்குப் பதில், டைமிங் பெல்ட் அறுந்துபோகிற நிலையில் இருக்கிறது, ஓட்டாதே என்றேன். அவன் பிரித்துப் பார்க்கச் சொன்னான். பெல்ட் புத்தம் புதிதாக இருந்தது. பிறகு ஒரு நாள் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றேன். அதையும் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து இரண்டு சாவிகளும் அவனிடம்தான். அப்போது அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அப்பா, இந்த இன்ஜின் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க."

5. பிப்ரவரியில் புகைச் சான்றிதழ் முடிந்தது. பெட்ரோல் பங்கில் நிற்கும் சோதனை வேனுக்கு அவன் கொண்டுபோனான். அனுமதிக்கப்பட்ட அளவைப் போல ஆறு மடங்கு புகை. மறுநாளும் அதேதான். அபராதம் வரும், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க முடியாது. முகம் வாடிப்போய் என்னிடம் வந்து, "முப்பது வருஷம் இதையேதானே பண்ணீங்க, உங்களால முடியாதாப்பா?" என்றான். பொய் சொல்லாதீர்கள் என்று சொன்ன பிறகு ஒரு மாதமாக அவன் என்னிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. முடியும் என்றேன்.

6. நான் செய்தது இதுதான். சைலன்சருக்கும் குழாயின் கடைசி முனைக்கும் இடையில், மேல்பக்கமாக, பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டேன். வண்டி நின்றபடி ஓடும்போது புகை விட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். பால்காரர் தண்ணீர் கலப்பதுபோல் புகையில் காற்று கலந்துவிடும். சோதனைக் கருவி அந்தக் கலப்படத்தை அளந்து, சரி என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டது. இன்ஜினை நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு ஏற்றி இன்னொரு முறை அளக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அளந்திருந்தால் என் குட்டு வெளிப்பட்டிருக்கும். வேனில் இருந்தவர் அளக்கவில்லை. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக் காகிதத்தைக் கொடுத்துவிட்டார். அவர் மேல் என் புகார் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் மேல்.

7. குழாயில் இருப்பது என்ன ஓட்டை என்று கேஷவ் கேட்டான். தண்ணீர் வடிவதற்கு என்றேன். சைலன்சர்களில் அப்படி ஓட்டை உண்டு என்பதால் நம்பிவிட்டான். இன்ஜினை நானே டியூன் செய்து தேற வைத்தேன் என்றும் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முப்பத்திரண்டு வயது மகன் அப்பாவைக் கட்டிப்பிடிப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓட்டையை அடைக்க மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். அடுத்த ஆண்டும் வேண்டியிருக்குமே என்று விட்டுவைத்தேன்.

8. ஓடுகிற வண்டியில் புகையின் அழுத்தம் கூடும். அப்போது அதே ஓட்டை காற்றை இழுக்காது. புகையை வெளியே தள்ளும். அதற்கு நேர் மேலேதான் டிக்கியில் ரப்பர் மூடி இல்லாத துவாரம் இருக்கிறது. அவன் பங்குக்கு ஒரு ஓட்டை, என் பங்குக்கு ஒரு ஓட்டை. இன்ஜின்களோடே காலம் தள்ளிய எனக்கு இது இரண்டு மாதம் உறைக்கவில்லை.

9. மார்ச்சில் கேஷவுக்குத் தினமும் தலைவலி. ஹிஞ்சேவாடி டிராஃபிக் என்றான். பின்சீட்டில் வந்த விசாலாக்ஷி லோணாவளா போகும் வழியில் வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற வடாபாவ் என்றோம். ஏப்ரல் 19ஆம் தேதி என் மருமகள் ரோஹிணியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். அவளுக்கு ஏழாம் மாதம். ஏ.சி. போட்டுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கூப்பிட்டோம், எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லை. வெளியே தூக்கி வந்து காற்றோட்டமாக உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள். இந்த மாதத்தில் அசதி இருக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் மார்ச் மாதத் தலைவலியும் வாந்தியும் நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன். அதன் அடியில், துவாரத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

10. அன்றே கேஷவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, அது ஆளைத் தூங்க வைத்தே முடித்துவிடும் என்றேன். அவன் போனை எடுத்துச் சான்றிதழைக் காட்டினான். "பாஸ்னு போட்டிருக்கு. டியூன் பண்ணினது நீங்க. தண்ணி வடியற ஓட்டைன்னு சொன்னதும் நீங்க. இப்ப விஷம்ங்கறீங்க. எதை நம்பறது?" என்றான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

11. நீயே மறுசோதனை செய்து பார் என்று சவால் விட்டேன். புத்தி கெட்டுப்போய் விட்ட சவால். 26ஆம் தேதி அதே வேன், அதே முறை. வேன்காரர் வண்டி கச்சிதம் என்று என் முதுகில் தட்டி, "காகா, காடி எக்தம் ஓகே" என்றார். பிறகு கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் அலாரம் ஒன்றை வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். வாகட் தாண்டுவதற்குள் கத்த ஆரம்பித்தது. முன்னால் போன டெம்போவின் புகைக்குக் கத்துகிறது என்று சொல்லி அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டான். ஓட்டையை நானே அடைத்துவிடலாம் என்று டேப் சுற்றினேன். சூட்டில் கருகி விழுந்தது. அதைப் பார்த்த பிறகு கேஷவ், நான் மறுபடி கை வைக்காதபடி காரை ஆபீஸ் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டு கம்பெனி கேபில் வருகிறான்.

12. நாளை வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ரோஹிணிக்கு வளைகாப்பு. சோலாப்பூரிலிருந்து அவள் பெற்றோர் வந்து இறங்கிவிட்டார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நல்ல நேரத்தில் அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள், இந்தக் காரில். ஐந்து மணி நேரப் பயணம், மே மாத வெயில், ஏ.சி., மூடிய கண்ணாடி. வாடகை வண்டி பிடிக்கலாம் என்றேன். சொந்த வண்டி இருக்கும்போது எதற்கு என்று சம்பந்தியே சிரித்தார். அவரிடம் விவரத்தைச் சொல்ல வாயெடுத்தேன். விசாலாக்ஷி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "நல்ல காரியம் நடக்கிற வீட்டுல அபசகுனமா வாயைத் திறக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் பேரக் குழந்தை, ஐயா. அவள் கும்பிட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.

13. ரோஹிணி வசதியாகப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று கேஷவ் நேற்றுப் பின்சீட்டுக்கு மெத்தையும் இரண்டு தலையணைகளும் வாங்கி வந்தான். எனக்குக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

14. ஞாயிறு காலை காரின் முன்னால் நான் படுத்துக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் என்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கிழவருக்கு முற்றிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லாமல் போனதற்கு நானே காரணம். அவர்கள் நம்புவது அரசாங்க முத்திரை உள்ள காகிதத்தை. ஆகவே அப்படி ஒரு காகிதத்தைத் தாங்கள்தான் தர வேண்டும்.

15. எனவே பார்வையில் கண்ட இரண்டு சான்றிதழ்களையும் ரத்து செய்து, காரைப் பறிமுதல் செய்யும்படி வேண்டுகிறேன். ஏமாற்றியவன் நான். வழக்கு, அபராதம், சிறை எதுவானாலும் என் பெயரில் வரட்டும். வண்டியும் என் பெயரில்தான் இருக்கிறது. ஓட்டையை எங்கே தேட வேண்டும் என்று தங்கள் ஊழியர்களுக்கு நானே டார்ச் அடித்துக் காட்டுகிறேன். பதிவுச் சான்றின் நகலையும், கரி படிந்த இடத்தின் புகைப்படத்தையும் இணைத்துள்ளேன்.

16. வீட்டுக்கு வர இயலாவிட்டால், சோலாப்பூர் சாலையில் ஹடப்சர் தாண்டுவதற்குள் நிறுத்துங்கள். வெள்ளைக் கார், பின்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர் இருக்கும். நிறுத்தியதும் கேஷவ் மரியாதையாக இறங்கி வந்து சான்றிதழைக் காட்டுவான். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டாம் என்று தங்கள் ஊழியர்களிடம் சொல்லுங்கள். காகிதம் கேட்பதற்கு முன் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே கை நிறைய வளையலோடு ஒரு பெண் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்று வீட்டார் சொன்னாலும் கேட்காமல், அவளை எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: புனே
நாள்: 08.05.2025, வியாழன்

தங்கள் பதிலுக்காக வாசலிலேயே காத்திருக்கும்,
ப. கோவிந்தராஜன்
(வாகன உரிமையாளர்)