இறக்கிய போர்டு

ஐப்பசி 9, செவ்வாய்.

பேத்தி செல்வி வேலை பார்க்கும் அமெரிக்கக் கார் கடையின் போர்டை இன்று இறக்கிவிட்டார்கள். நஷ்டத்திலிருந்து தலைதூக்க, நாலு பிராண்டுப் பேரில் விற்ற கார்களை ஒரே பேராக்கி, விற்காத ஊர்களைக் கம்பெனி கைகழுவிவிட்டதாம். ரங்கூனும் அதில் ஒன்று.

போன வருசம், பழைய ஜப்பான் கார் விற்கும் பர்மாக்காரர் ஊ டின் அவளை வேலைக்குக் கேட்டு வீட்டுக்கே வந்தார். "என் பேத்தி பழைய இரும்பு விற்க மாட்டாள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது நான்தான். அதை எங்கள் பபேடான் பேட்டை முழுக்கச் சொல்லிப் பெருமையும் பட்டேன்.

சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் அவரிடம் போனேன். "வாங்க டோ வள்ளி, அமெரிக்கா சௌக்கியமா?" என்று பர்மிய மரியாதையில் ‘டோ’ போட்டுச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை கேட்டேன். "ஆள் போட்டாச்சே அம்மா" என்றார்.

செல்வியிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவளே ஊ டினிடம் போய் வேலை கேட்கப்போகிறாளாம். இங்கே பெண்கள் வேலைக்குக் கட்டும் பர்மா லுங்கியில் நல்லதாக எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.