கொட்டை வைத்த நாலாம் நாள்

டாக்டரம்மா, நேற்று பக்கத்து வூட்டில் மாட்டுக் கால் புண்ணுக்குச் சேராங்கொட்டை சுட்டார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், கள்ளக்குறிச்சியில் உங்கள் எதிரில் நின்று நான் பொய் சொன்ன நாள் நினைவில் வந்துவிட்டது. நீங்கள் காலமான சேதி போன மாசந்தான் என் காதுக்கு எட்டியது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. கழுத்தில் நெறி கட்டி, அது வற்றவே இல்லை. கல்வராயன் மலையில் நாங்கள் செய்கிற வழக்கப்படி, சேராங்கொட்டையைச் சுட்டு அதன் பாலைக் கட்டிமேல் நானே வைத்தேன். தோல் வெந்து புண்ணாகிவிட்டது. நாலாம் நாள் பயந்துபோய் உங்களிடம் தூக்கி வந்தேன்.

"புண்ணு மொதல்ல வந்துச்சா, கட்டி மொதல்ல வந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

திட்டுவீர்களே என்று, "நெருப்புப் பட்டு புண்ணாச்சும்மா. அப்பறந்தான் கட்டி. நாலு நாளாச்சு" என்றேன்.

கட்டிக்கு வேறு காரணம் உண்டா என்று நீங்கள் தலையில் பேன் பார்த்தீர்கள், வாயில் சொத்தைப் பல் பார்த்தீர்கள். அக்குள், தொடை இடுக்கு, வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தீர்கள். "புள்ளைங்களுக்கு நெறி கட்டறது சகஜந்தாங்க. புண்ணு ஆறினா இதுவும் அடங்கும். ரெண்டு வாரம் பாப்போம்" என்று மருந்து எழுதினீர்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன். தோளில் கிடந்தவள் காதருகே கேட்டாள்: "இது அடங்கலன்னா மறுபடியும் கொட்டை வெப்பியாப்பா?"

அப்படியே திரும்பி நடந்தேன். நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். வழிமறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: "கட்டிதாம்மா மொதல்ல. புண்ணு நான் சேராங்கொட்டை வெச்சதுல ஆனது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் சுண்டக்காயாட்டம் இருந்துச்சு. ஆவணி பொறந்தப்ப புளியங்கொட்டை. புள்ளையார் சதுர்த்திக்கு நெல்லிக்கா. சாயங்காலமானா உடம்பு சுடுது. பாவாடை இடுப்புல நிக்க மாட்டுது."

பையைக் கீழே வைத்தீர்கள். "இன்னா மனுஷன் நீங்க! இம்மாம் ஞாபகத்த வச்சிக்கினு நாலு நாளுன்னீங்களே! கொட்டை வெச்சதுக்குத் திட்ட மாட்டேன். நாள் கணக்க மறைச்சதுக்குத்தான் திட்டுவேன்."

திட்டவும் செய்தீர்கள். பிறகு ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். டீபி கட்டி என்று வந்தது. "பயப்படாதீங்க, இது தீர்ற நோய்தான். ஒரு வேளை மாத்திரையும் வுடக் கூடாது, அவ்ளோதான்" என்றீர்கள். ஆறு மாசம். ஒரு வேளையும் தவறவில்லை. எழுத்து தெரியாவிட்டாலும் நாளும் பொழுதும் எனக்குத் தப்பாது, அது உங்களுக்கே தெரியும். நெல்லிக்காய் புளியங்கொட்டையாகி, சுண்டைக்காயாகி, கடைசியில் விரலுக்கே அகப்படாமல் போனது.

இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நான் வைத்த வடு மட்டும் கழுத்தில் கருப்பாக நிற்கிறது. யார் கேட்டாலும், "எங்கப்பா வெச்சது" என்று என் முகத்துக்கு எதிரிலேயே சொல்வாள். சொல்லட்டும். நானும் எழுந்து போவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கட்டி எந்த நாளில் வந்தது, கொட்டையை எந்த நாளில் வைத்தேன் என்று கேட்டவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.