மருந்து விடாத தட்டு

செவ்வாய்க்கிழமை.

என் ஆராய்ச்சி ஆண்டின் முதல் முடிவு இன்று வந்தது. மருந்து விட்ட தட்டுகளில் எல்லாம் பாக்டீரியா செழித்து வளர்ந்திருந்தது. மருந்தே விடாத தட்டில் மட்டும் ஒன்றும் வளராமல் ஒரு வெறும் வட்டம். என் பேராசிரியை இங்கிரிட் துள்ளிக் குதிக்காத குறை.

"இதில் என்ன போட்டாய்?"

குனிந்து பார்த்தேன். வட்டத்தின் நடுவே திருநீறு. நேற்றுக் காலை அம்மா என் நெற்றியில் அள்ளிப் பூசியது; தட்டின் மேல் குனிந்தபோது உதிர்ந்திருக்க வேண்டும். "தேடிப் பார்க்கிறேன்" என்று மழுப்பினேன். இங்கிரிட் நாளைக்கே திரும்பச் செய்து காட்டச் சொல்லிவிட்டார்.

ஸ்டோவ்னரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொஞ்சம் திருநீறு கேட்டேன். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"இப்பவெண்டாலும் உனக்குப் புத்தி வந்துதே! எந்தக் கோயில் திருநீறு வேணும், அம்மன் கோயிலோ, பிள்ளையார் கோயிலோ?"

நாளை இங்கிரிட்டும் இதைத்தான் கேட்பார்.