மூலையில் பூத்திருப்பது தும்பை

சந்தனமாரிக்கு,

புளியறைக்கு, உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "வயல் மூலையில வெள்ளையா பூத்திருக்கே, பார்த்தீனியமா?" என்று கேட்டாய்.

இன்று போய்ப் பார்த்தேன். பார்த்தீனிய இலை கொத்தமல்லி போலக் கிழிந்திருக்கும். இதற்கு ஒல்லி இலை. பூவை இழுத்ததும் கையோடு வந்தது. அடியை உறிஞ்சினால் இனித்தது. தும்பைதான்.

உழ வந்த இசக்கிதுரை, "அண்ணாச்சி, அந்த மூலையையும் சேத்து உழுதிரவா? களைதான கெடக்கு" என்றான்.

"வேண்டாம்லே. அது தும்பை. எம் மவள அங்கனதான் பொதைச்சிருக்கோம்."

அவன் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீ அங்கே தனியாக அழ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்