நீட்டிக் கட்டிய கயிறு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். அணை வேலைக்கு ஆட்களைப் படகில் ஏற்றி இறக்கி உங்கள் முதுகுவலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? போனில் உங்கள் குரல் பாதிதான் வருகிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். அதோடு நான் வாயைத் திறந்தால் நீங்கள் குறுக்கே புகுந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அச்சு அசல் உங்கள் அம்மா. இதை அத்தையிடமே சொல்லித் தொலைத்தேன், அன்று முழுக்க எனக்குக் காபி கிடைக்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்துவிட்டேன். நீங்கள் விட்டுப்போன படகை ஓட்டி ஓட்டி, பெட்ரோலில் ஆயில் கலக்கும் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படகில் வருகிற நர்ஸம்மாக்கள், உங்களைவிட நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்கிறார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி மற்றது. போன செவ்வாய்க்கிழமை நான் ஏரியில் விழுந்துவிட்டேன். பதறாதீர்கள். இதை என் கையால்தான் எழுதுகிறேன், கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

ஆள் விழுந்தால் மோட்டார் நிற்பதற்காக, அதன் நிறுத்தும் பொத்தானில் ஒரு முனையும் ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மறுமுனையுமாக மாட்டுகிற சிவப்புக் கயிறு குட்டையாக இருக்கிறது, முன்பக்கம் போக எழுந்தாலே மோட்டார் நின்றுவிடுகிறது என்று உங்களிடம் அலுத்துக்கொண்டேன் அல்லவா? நீங்களும் வழி சொன்னீர்கள். நடுவில் நைலான் கயிற்றைச் சேர்த்து நீளமாக்கு, நான் இங்கே அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை என்றீர்கள். துணி காயப்போட்டதில் மிச்சமிருந்த கயிற்றை எடுத்துச் சேர்த்துக் கட்டினேன். உண்மையிலேயே வசதியாகத்தான் இருந்தது.

அன்று ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டுக் காலிப் படகோடு திரும்பிக்கொண்டிருந்தேன். படகைக் கரையில் கட்டுகிற முன்பக்கத்துக் கயிறு தண்ணீரில் இழுபட்டது. வேகத்தைக் குறைத்தேன், கியரை எடுக்கவில்லை. கயிற்றை இழுத்து உள்ளே போட எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று முன்னால் போய்க் குனிந்தேன். பெரிய லாஞ்ச் ஒன்று கடந்த அலையில் படகு ஒரு ஆட்டம் ஆடியது, தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தேன்.

லைஃப் ஜாக்கெட் தூக்கிவிட்டது. ஆனால் நான் விழுந்தது முன்பக்கம். மோட்டார் பின்பக்கம். படகு நிற்காமல் என்னை உரசிக்கொண்டே வந்தது. பின்பக்கம் என்னை நெருங்க நெருங்கக் கயிறு தொளதொளவென்று ஆனதே தவிர இழுபடவில்லை. மோட்டாரின் விசிறி சுற்றுகிற சத்தம் தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இரண்டு காலாலும் படகை உதைத்துத் தள்ளினேன். மோட்டார் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் கயிறு இறுகி, பொத்தான் கழன்று, சத்தம் நின்றது. சுடிதாரின் கால்பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

லாஞ்ச்காரர் வந்து தூக்கிவிட்டார். ஏம்மா, கயிறை நீளமாக் கட்டுனா அது எதுக்கு, கொடியாக் கட்டித் துணி காயவைக்கவா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தை இரண்டு நாள் என்னை வசைபாடினார். இது எவன் கொடுத்த யோசனை என்று கேட்டதற்கு, என் சொந்த மூளைதான் என்று சொல்லிவிட்டேன். தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கவா போகிறார், வீணாக எதற்கு? பாப்பாவோ அன்றிலிருந்து அத்தையின் மணிக்கட்டில் ரிப்பனைக் கட்டி மறுமுனையை மிக்ஸியில் மாட்டிவிடுகிறாள். பாட்டி விழுந்தால் மிக்ஸி நிற்க வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டு, என்னால்தானே என்று மூலையில் உட்கார்ந்துவிடாதீர்கள். எனக்கு வேலை சுலபமாகட்டும் என்றுதான் சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். என் கயிற்றை அன்றைக்கே கத்தரித்துக் குட்டையாக்கிவிட்டேன். முன்னால் போக வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் எழுகிறேன். நர்ஸம்மாக்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

ஆனால் உங்கள் கயிறு இன்னும் நீளமாகவே இருக்கிறது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உங்கள் படகு கனமானது, மோட்டார் பெரியது, உதைத்துத் தள்ள முடியாது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் போய் வெட்டிவிடுங்கள். ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் வெட்டிவிடுங்கள். கூட இருப்பவர்கள் கேலி செய்தால், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதில் பொய்யும் இல்லை.

இவள் நமக்கே புத்தி சொல்கிறாளே என்று கோபம் வந்தால், வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்று திட்டுங்கள். எத்தனை நேரம் திட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
பாப்பா அம்மா